குண்டிக்காயில் நீர் மீளும் விதமும் கால்நடைக்குத் தண்ணீர் காட்டும் முறையும்

நாஞ்சில் நாட்டில் நீரின் அருமையை அறியாத குடியானவர் இலர். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையில் தேங்கும் கோதையாற்று நீர், தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு முதலிய கால்கள் வழியே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயல்களுக்கு வருகின்றது. மேட்டு வயலில் பாய்ந்த நீரின் மிச்சம் பள்ள வயலுக்கும், ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்துக்கும் சென்று, பலமுறை பயன்பட்ட பின்னரே எஞ்சியது கடலிற் சேரும். ஒருமுறை பாய்ந்த நீரைப் பின்னும் பயன்படுத்தும் இத்தகைய ஏற்பாடு ஒன்று, தொழுவத்திற் கட்டியிருக்கும் ஒவ்வொரு மாட்டின் உடலினுள்ளும் இரவு பகல் ஓயாமல் நடைபெற்று வருகின்றது. அதனை நடத்துவது குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகமாகும்.

இவ்வுறுப்பின் வேலையை அறிந்துகொள்வதாற் குடியானவருக்கு வரும் பயன் யாதெனில், அது கால்நடையின் உயிரைப் பற்றியது. கும்பப்பூ அறுவடை முடிந்து, கும்பம், மீனம் மாதங்களில் (மாசி, பங்குனி) வெயில் ஏறுங்காலத்தில் வைக்கோலும் தவிடும் வீட்டில் நிறைந்திருக்கும். பசும்புல்லும் தண்ணீரும் குறைந்திருக்கும். அக்காலத்தில் நன்கு கொழுத்து வளர்ந்த கிடா அல்லது காளைக்கன்று ஒன்று திடீரென மூத்திரம் பெய்ய இயலாமல் முக்கி, தீனியை வெறுத்து, சில நாட்களில் மடிவதுண்டு. இதனை நீரடைப்பு என்றும் கல்லடைப்பு என்றும் வழங்குவர். தவிடு மிகுந்து தண்ணீர் குறைந்த தொழுவத்தில் இந்நோய் தோன்றுவதன் காரணம், குண்டிக்காய் எதை எவ்வாறு திரும்பப் பெறுகின்றது என்பதைத் தெரிந்துகொண்டாற் புலப்படும்.

வடித்தல்

மாட்டின் குண்டிக்காய் ஏறத்தாழ 20 துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியது போன்ற தோற்றமுடையது. ஆட்டின் குண்டிக்காயோ அவரை விதையைப் போன்ற வடிவில் வழவழப்பாக இருக்கும். வெளித்தோற்றம் வேறுபட்டாலும் உள்ளமைப்பு ஒன்றே. மயிரினும் மெல்லிய நுண்குழல்கள் இலட்சக்கணக்கில் அதனுள் நெருங்கி அமைந்துள்ளன. மனிதனுடைய ஒவ்வொரு குண்டிக்காயிலும் இவை சுமார் 10 இலட்சம் உள்ளன. மாட்டுக்கு இதனினும் மிகுதி. ஒவ்வொரு நுண்குழலின் தலைப்பிலும் கிண்ணம் போன்ற ஓர் உறுப்பும், அக்கிண்ணத்தினுள் இரத்த நுண்குழாய்கள் சுருண்டு அமைந்த முடிச்சு ஒன்றும் காணப்படும். இம்முடிச்சுகளை இத்தாலி தேசத்து மால்பிகி என்பவர் 1666-ஆம் ஆண்டில் விவரித்தார். முடிச்சு கிண்ணத்தோடும் கிண்ணம் நுண்குழலோடும் இணைந்திருத்தலை இங்கிலாந்தைச் சேர்ந்த போமன் என்பவர் 1842-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இருதயத்தினின்று வெளிப்படும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குண்டிக்காய்களுக்கே செல்கின்றது. முடிச்சினுள் இரத்தம் அழுத்தத்தோடு பாயும்போது, அதிலுள்ள நீரும், நீரிற் கரைந்த உப்பு, சர்க்கரை, யூரியா முதலிய சிறு பொருள்களும் கிண்ணத்தினுள் வடிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடியாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. இவ்விடத்தில் வேண்டியது இது, வேண்டாதது இது என்னும் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. சல்லடைக் கண்ணின் வழியே செல்லக்கூடிய சிறுமையுடையன யாவும் செல்கின்றன.

அங்ஙனம் வடியும் நீரின் அளவு கேட்போருக்கு வியப்பளிக்கும். மனிதனிடத்தில் அது நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர். 400 கிலோ எடையுள்ள மாட்டினிடத்தில் அது 1,000 லிட்டர் அளவில் இருக்கும். அந்நீரோடு 5 கிலோவுக்கு மேற்பட்ட உப்பும் அரைக் கிலோ அளவுள்ள சர்க்கரையும் சேர்ந்து வடிகின்றன. அவ்வளவும் வெளியே போய்விடுமாயின் அம்மாடு ஒரு பொழுதும் உயிர் தரித்திராது. ஆனால் அம்மாடு நாளொன்றுக்குப் பெய்யும் மூத்திரமோ பெரும்பாலும் 7 முதல் 18 லிட்டர் வரையில்தான். வடிந்ததில் நூற்றுக்கு 98 அல்லது 99 பங்கு நுண்குழலின் சுவர் வழியாக மீண்டும் இரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றது. ஆதலின் குண்டிக்காயைக் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று மட்டும் கூறுதல் குறைவுடையதாகும். எல்லாவற்றையும் முதலில் வெளியே விட்டு, வேண்டியவற்றை எல்லாம் மீட்டுக்கொண்டு, மீட்காது விட்டவற்றையே அது கழிக்கின்றது.

மீட்டல் உண்டென்பது அறியப்பட்ட வரலாறு

நுண்குழல்களில் நீர் திரும்பப் பெறப்படுகின்றது என்னும் கருத்தை ஜெர்மனி தேசத்து அறிஞர் கார்ல் லுட்விக் 1840-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அதனை ஏற்காதவரும் பலர் இருந்தனர். நேர்முகமான சான்று 1924-ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வெர்ன், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர், மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்றினால் தவளையின் குண்டிக்காயிலுள்ள ஒரு தனிக் கிண்ணத்தைக் குத்தி, அதில் வடிந்த நீரை எடுத்துச் சோதித்தனர். கிண்ணத்து நீரில் சர்க்கரையும் உப்பும் இருந்தன. அதே தவளையின் மூத்திரப்பையிலிருந்த மூத்திரத்திலோ அவை காணப்படவில்லை. கிண்ணத்தை விட்டுப் புறப்பட்ட பொருள்கள் பையைச் சேருமுன் காணாமற் போயினவாதலால், இடையிலுள்ள நுண்குழலே அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

நுண்குழலின் முற்பகுதி

கிண்ணத்தை அடுத்துச் சுருண்டு செல்லும் முற்பகுதியிலேயே மீட்பு வேலையின் பெரும்பங்கு முடிந்துவிடுகின்றது. வடிந்த நீரிலும் உப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், சர்க்கரை, அமினோ அமிலம் ஆகியவற்றில் அநேகமாக முழுவதும் இங்கு இரத்தத்திற் சேர்கின்றன. இப்பகுதியின் உட்சுவரில், நெருங்கி நட்ட நாற்றைப் போன்று நுண்ணிய மயிரிழைகள் நிறைந்திருத்தலால் உறிஞ்சும் பரப்பு மிக விரிந்துள்ளது.

இவ்வேலை தானே நடப்பதன்று. சுவரிலுள்ள உயிரணுக்கள் உப்பிலுள்ள சோடியத்தை இரத்தப் பக்கமாக இடைவிடாமல் இறைத்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அங்ஙனம் சோடியம் செல்லும்போது சர்க்கரையும் வேறு பல பொருள்களும் அதனோடு சேர்ந்து உட்செல்கின்றன. நீரும் அவற்றைப் பின்தொடர்கின்றது. இறைப்புக்குச் சக்தி வேண்டும். மனித உடலின் எடையில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இரு குண்டிக்காய்களும், ஓய்ந்திருக்கும் உடல் கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு 7 பங்கு அளவைச் செலவிடுகின்றன. அச்செலவின் பெரும்பகுதி சோடியத்தை இறைப்பதற்கே ஆகின்றது.

இங்குக் குடியானவர் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. பல பொருள்களைத் திரும்ப எடுக்கும் திறனுக்கு ஓர் எல்லை உளது. களத்திற்குக் கட்டுச் சுமப்போர் பத்துப்பேர் இருப்பின், அவர்கள் சுமக்கக்கூடிய அளவுக்குமேல் அறுத்துப்போட்ட கதிர் வயலிலேயே கிடக்குமன்றோ? அவ்வாறே நுண்குழலின் சுவரிற் சுமந்து செல்லும் அமைப்புகள் ஒரு கணக்கில்தான் உள்ளன. அவற்றின் திறனுக்கு மேற்பட்டு வரும் பொருள் மீட்கப்படாமல் மூத்திரத்தோடு போகும். நீரிழிவுடையாரின் மூத்திரத்திற் சர்க்கரை காணப்படுவது இக்காரணம் பற்றியதே. அவருடைய குண்டிக்காயின் திறன் குறைந்ததன்று. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்து, மீட்கும் திறனுக்கு மேலாக வடிகின்றது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பரச் சத்தும் இவ்விதிக்கு உட்பட்டதேயாகும். கல்லடைப்புக்கு இதுவே முதற்காரணமாதல் பின்னர் விளங்கும்.

நடுவளைவும் பிற்பகுதியும்

முற்பகுதியைக் கடந்த நீர், குண்டிக்காயின் உட்புறத்தை நோக்கி இறங்கி, கொண்டை ஊசியைப் போல் வளைந்து, மீண்டும் மேலேறுகின்றது. இவ்வளைவை ஹென்லே என்னும் ஜெர்மானியர் 1862-ஆம் ஆண்டில் விவரித்தார். இறங்கும் கிளையின் சுவர் நீரை வெளியே விடும். ஏறும் கிளையின் சுவரோ நீரைச் சிறிதும் விடாது. உப்பை மட்டும் வெளியே இறைக்கும். இதன் பயனாகக் குண்டிக்காயின் உட்புறத் தசையில் உப்புச் செறிவு மிகுந்து நிற்கின்றது. உப்பளத்திற் பாத்திக்குப் பாத்தி உவர்ப்பு ஏறுவது போல, குண்டிக்காயின் வெளிப்புறத்தினின்று உட்புறம் செல்லச் செல்ல உவர்ப்பு ஏறும்.

வளைவைக் கடந்த நீர் முடிவில் சேர்ப்புக் குழல்கள் வழியே மீண்டும் அவ்வுவர்ப்பான உட்புறத்தின் ஊடே இறங்கி வருகின்றது. இங்குதான் நீரை விடுவதா, மீட்பதா என்னும் முடிவு செய்யப்படுகின்றது. உடலில் நீர் குறைந்தவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒரு ரசத்தை இரத்தத்தில் விடுகின்றது. அந்த ரசம் சேர்ப்புக் குழலை அடைந்ததும், அதன் சுவரில் நீர் மட்டும் செல்லக்கூடிய நுண்மடைகள் திறக்கின்றன. உட்புறத்து உவர்ப்பு, குழலிலுள்ள நீரை அம்மடைகளின் வழியே தன்பால் இழுத்துக்கொள்ளும். மூத்திரம் குறைந்து, நிறம் அடர்ந்து, கெட்டிப்படும். வேண்டிய நீரைக் குடித்த பின்பு அந்த ரசம் குறையும், மடைகள் அடைபடும், மூத்திரம் பெருகித் தெளிவாக வரும். நீர் மட்டும் செல்லும் இத்தகைய மடைகள் உயிரணுக்களில் இருப்பதை அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே 1992-ஆம் ஆண்டில் மெய்ப்பித்து, 2003-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

மாட்டின் மூத்திரத்தைக் காலையிற் பார்த்து அதன் நிறத்தைக் கொண்டே அதற்குத் தண்ணீர் போதியதா என்று அறிதல் இதனால் இயலும். தேன் நிறத்திற் சிறிதளவாக வரும் மூத்திரம், நீருக்காகக் குண்டிக்காய் பாடுபடுகின்றது என்பதற்கு அடையாளமாகும்.

வைக்கோல் தின்னும் மாட்டின் சிக்கனம்

அசைபோடும் கால்நடைகளின் குண்டிக்காய் நீரை மட்டுமன்றி யூரியாவையும் சமயமறிந்து காக்கின்றது. யூரியா என்பது புரதம் செலவானபின் கல்லீரலில் உண்டாகும் கழிவு. மனிதர் அதனைப் பெரும்பாலும் மூத்திரத்திற் கழித்துவிடுகின்றனர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது முழுக் கழிவன்று. உமிழ்நீர் வழியாகவும் முதல் வயிற்றின் சுவர் வழியாகவும் யூரியா வயிற்றினுள் திரும்பச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அவற்றின் உடலிற் புரதமாக மாறுகின்றது. அந்நுண்ணுயிர்கள் பின்னர் ஜீரணமாகும்போது அப்புரதம் மாட்டுக்கே கிடைக்கின்றது.

நெல் வைக்கோலிற் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே உண்டு. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டின் குண்டிக்காய், யூரியாவை வெளியே விடாமல் மிகுதியாகத் திரும்ப எடுத்து இரத்தத்திற்கு அனுப்புகின்றது. சஹாராப் பாலைவனத்தில் ஒட்டகங்களைக் கொண்டு போடில் ஷ்மிட் நீல்சன் அம்மையாரும் உடனிருந்தோரும் செய்த ஆராய்ச்சி 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. புரதம் குறைந்த தீனி தின்ற ஒட்டகத்தின் மூத்திரத்தில் யூரியா மிகச் சிறிதே இருந்ததாக அதிற் காட்டினர். கோடையில் வெறும் வைக்கோலில் நாஞ்சில் நாட்டு மாடு உயிரைப் பிடித்து நிற்பதற்கு இச்சிக்கனமும் ஒரு காரணமாகும். எனினும் சிக்கனத்தால் உள்ளதைக் காக்கலாமேயன்றி இல்லாததை உண்டாக்க முடியாது. பாலும் வளர்ச்சியும் வேண்டுமாயின் பசுந்தீவனமோ பிண்ணாக்கோ கொடுத்தே ஆகவேண்டும்.

மீட்டலின் எல்லையும் கல்லடைப்பும்

நீரை மீட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மாட்டின் குண்டிக்காய் மூத்திரத்தை இரத்தத்தைப் போல் சுமார் 4 மடங்கு வரையிலேயே கெட்டியாக்க வல்லது. ஆடும் ஒட்டகமும் இதனினும் கெட்டியாக்க வல்லன. நீர் எவ்வளவு குறைந்தாலும், உப்பையும் யூரியாவையும் கரைத்து வெளியேற்றுவதற்கு ஒரு பங்கு நீரைக் குண்டிக்காய் செலவிட்டே தீரவேண்டும். கெட்டியான மூத்திரத்தில் கரையாது படியத்தக்க பொருள்கள் இருப்பின் அவை மணலைப் போற் படிந்து, கல்லாக வளரும். ஆடு நீரை நன்கு மீட்க வல்லது என்பதால் அதற்குத் தண்ணீர் காட்டாமல் விடலாம் எனக் கருதுவது பெருந்தவறு. அதன் குண்டிக்காய் எவ்வளவுக்கு நீரை மீட்கின்றதோ அவ்வளவுக்கு மூத்திரம் கெட்டிப்பட்டுக் கல் படிவதற்கு இடமாகின்றது.

அரிசித் தவிட்டில் பாஸ்பரச் சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தீனியிற் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கும் பாஸ்பரச் சத்து ஒரு பங்கும் இருத்தல் நலம். தவிடு மிகுந்த தீனியில் இக்கணக்குத் தலைகீழாகின்றது. நெல் வைக்கோலிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் இருக்கும் சுண்ணாம்பையும் பற்றிக்கொள்வதால் குறை பின்னும் பெருகும். அசைபோடும் கால்நடைகள் மிகுந்த பாஸ்பரச் சத்தை இயல்பாக உமிழ்நீர் வழியே வயிற்றுக்கு அனுப்பிச் சாணத்திற் கழிக்கின்றன. நார்த்தீனியை நெடுநேரம் மென்று அசைபோடும்போதுதான் உமிழ்நீர் நிறையச் சுரக்கும். தவிட்டையும் மாவுத்தீனியையும் மெல்ல வேண்டுவதில்லையாதலால் உமிழ்நீர் குறைகின்றது. சாணத்தின் வழி குறுகுகின்றது. இரத்தத்திற் பாஸ்பரச் சத்து ஏறுகின்றது. அது நுண்குழல்களின் மீட்கும் திறனைக் கடந்தவுடன், மிஞ்சியது மூத்திரத்தில் இறங்குகின்றது. அங்கு மக்னீசியம், அம்மோனியா ஆகியவற்றோடு கூடி, தழைதின்னிகளின் மூத்திரத்திற்கு இயல்பாயுள்ள காரத்தன்மையில் கரையாமற் படிகின்றது. தவிடு மிகுதியும் தண்ணீர்க் குறைவும் ஒருங்கே சேரும்போது கல் உண்டாவதன் முறை இதுவே.

பசுவுக்கும் பெட்டை ஆட்டுக்கும் மூத்திரத்தாரை குறுகிய நீளமும் அகலமும் உடையதாதலால், சிறு கற்கள் வெளிப்பட்டு விடுகின்றன. காளைக்கன்றுக்கும் கிடாவுக்கும் தாரை நீண்டு ஒடுங்கியது. நடுவில் இரட்டை வளைவு கொண்டது. கிடாவுக்கு அதன் நுனியில் நூல் போன்ற மெல்லிய நீட்சியும் உண்டு. கல் இவ்வளைவிலோ நுனியிலோ சிக்கிக்கொள்ளும். மிக இளமையில் விதையடித்த கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் தாரை போதிய அளவு அகலாமையால் இந்நோய் எளிதில் வரும்.

நோயின் குறிகளும் உடனே செய்யவேண்டுவதும்

நோய் கண்ட கால்நடை மூத்திரம் பெய்வதற்காக அடிக்கடி நின்று முக்கும். துளித்துளியாக வரும், அல்லது ஒன்றும் வராது. வாலை ஆட்டும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், பல்லைக் கடிக்கும், தீனியில் விருப்பமின்றி ஒதுங்கி நிற்கும். குறிமுனை மயிரில் வெண்மணல் போன்ற துகள் ஒட்டியிருக்கக் காணலாம். இது முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்றோ வயிற்று உப்பிசம் என்றோ கருதி மருந்து கொடுத்துக் காலங்கழிப்போர் உண்டு. அதனால் நேரும் தீங்கு பெரிது. அடைபட்ட பையில் மூத்திரம் பெருகி ஒன்றிரண்டு நாட்களிற் பை வெடிக்கவுங்கூடும். வெடித்தவுடன் வலி தணிந்து கால்நடை தேறியதுபோலத் தோன்றும். ஆனால் மூத்திரம் வயிற்றினுள் பரவி, வயிறு இருபுறமும் தொங்கி, கழிவு இரத்தத்திற் கலந்து மரணம் விளையும்.

ஆதலின் ஒரு பகல் மூத்திரம் வராதிருப்பதைக் கண்டாலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடைப்பு நீங்குமுன் மூத்திரத்தைப் பெருக்கும் கஷாயம் முதலியவற்றை வலிந்து புகட்டலாகாது. வழி அடைபட்ட பையிற் பின்னும் நீரைச் சேர்ப்பது அது வெடிப்பதை விரைவுபடுத்தும். தொடக்கத்திலேயே கொண்டுவரப்பட்ட கிடாவுக்கு நுனியிற் சிக்கிய கல்லை அகற்றுவது மருத்துவருக்கு எளிது. காலந் தாழ்த்தியபின் பெரிய அறுவைச் சிகிச்சையே வேண்டியிருக்கும்.

தண்ணீர் காட்டும் முறை

கல்லடைப்பைத் தீர்ப்பதிலும் வராமற் காப்பது எளிது. அதற்குரிய முறைகள் அதிகச் செலவுடையன அல்ல.

முதலாவது, தண்ணீர். காலையும் மாலையும் ஒருமுறை காட்டுவதோடு நில்லாமல், நாள் முழுவதும் நல்ல தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கும்படி செய்தல் வேண்டும். பால் வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வரையிலும், கறவை மாட்டுக்கு அதற்குமேல் கறக்கும் பால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் வீதமும் தேவைப்படும். கோடையில் இவ்வளவு பின்னும் ஏறும். பசும்புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீராகும். வைக்கோலிலோ பத்தில் ஒரு பங்கே நீர். ஆகையால் பசும்புல்லிலிருந்து வைக்கோலுக்கு மாறும் நாளிலேயே தண்ணீரையும் அதிகப்படுத்த வேண்டும். ஆடு அழுக்கு நீரைக் குடிக்காமல் தாகத்தோடு நிற்கும் இயல்புடையது. அதன் பாத்திரத்தை நாள்தோறும் கழுவி நிழலில் வைப்பது அவசியம்.

இரண்டாவது, உப்பு. மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் உப்பைத் தீனியிற் கலந்து கொடுத்தால் தாகம் மிகுந்து அதிக நீர் குடிக்கும். மூத்திரமும் நீர்த்து வரும். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் உப்பு மட்டும் கொடுப்பது தீமையாய் முடியும். கடலை அடுத்த ஊர்களிற் கிணற்று நீர் கோடையில் உவர்த்துப் போகுமாயின், அதனைக் குடிக்கும் கால்நடைக்குத் தனியே உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. மிகுதியும் உவர்த்த நீர் தாகத்தைத் தணிக்காது. அவ்வுப்பைக் கழிப்பதற்கே குண்டிக்காய் உடலிலுள்ள நீரைச் செலவிட நேரும்.

மூன்றாவது, தீனியின் சமநிலை. கிடாவையும் காளைக்கன்றையும் விரைவிற் கொழுக்கவைக்கும் எண்ணத்துடன் தவிட்டை மட்டும் பெருக்கலாகாது. பலா இலை, அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழைகளும் புல்லும் தீனியின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறையாதபடி தாது உப்புக் கலவையை மருத்துவர் கூறும் அளவிற் சேர்க்கவேண்டும். முன்னர் இந்நோய் கண்ட மந்தைக்கு மூத்திரத்தின் காரத்தைக் குறைக்கும் நவச்சார உப்பை மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டும் கொடுக்கலாம். குட்டிகளுக்கு மிக இளமையில் விதையடிப்பதைத் தவிர்ப்பதும் நன்று.

வயலில் உழைப்போருக்கு

கால்நடைக்குச் சொல்லியது மனிதருக்கும் பொருந்தும். வெயிலில் நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் வியர்வையாக இழக்கும் நீரையும் உப்பையும் குண்டிக்காய் தன் மீட்பால் ஓரளவே ஈடுசெய்ய இயலும். இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும், ஆந்திர தேசத்து உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் உழவுத் தொழிலாளர் பலருக்குக் குண்டிக்காய் மெல்லமெல்லப் பழுதாகும் நோய் கண்டிருக்கின்றது. அதன் காரணங்கள் முற்றும் முடிவாகவில்லையெனினும், கடும் வெப்பத்தில் நீர் குறைந்து உழைத்தல் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. உப்பிட்ட நீராகாரமும் மோரும் வயலுக்குக் கொண்டுசெல்லும் பழைய வழக்கம் கைவிடத்தக்கதன்று. உடலில் நீர் வற்றிய நிலையில் உடல்வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது குண்டிக்காய்க்குத் தீங்கு தருமாதலின் அதனை விலக்க வேண்டும்.

குண்டிக்காய் விட்டதை வயல் பெறுதல்

மாட்டின் உடல் மீட்காது விட்டதை நெற்பயிர் விரும்பிப் பெறும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும் சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்திலேயே உள்ளன. மணிச்சத்தாகிய பாஸ்பரச் சத்து, மேற்கூறிய முறைப்படி, பெரும்பாலும் சாணத்திற் செல்கின்றது. ஆகையால் சாணத்தை மட்டும் சேர்த்து மூத்திரத்தை ஓடவிடும் தொழுவத்தின் எரு அரைகுறையான எருவேயாகும். மூத்திரத்திலுள்ள யூரியா சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக மாறிக் காற்றிற் போகத் தொடங்கும். தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அவ்விழப்பின் அறிகுறியாகும். மண் தரையுள்ள தொழுவத்தில் உலர்ந்த மண்ணையோ சருகையோ கழிபட்ட வைக்கோலையோ பரப்பி, மூத்திரம் ஊறிய பகுதியை அவ்வப்போது வாரி எருக்குழியில் இட்டு மண்ணால் மூடிவைப்பின், அச்சத்தில் நல்லதொரு பங்கு கன்னிப்பூவுக்கு மிஞ்சும்.

பேச்சிப்பாறையில் நீர் இருந்தால் மட்டுமே கால்களிலும் குளங்களிலும் நீரைப் பங்கிட்டு மிச்சப்படுத்தும் திறமை பயன்படும். அணை வற்றியபின் அத்திறமைக்கு வேலையில்லை. குண்டிக்காயின் திறமையும் அத்தகையதே. அது நூற்றுக்கு 99 பங்கை மீட்டுத் தருகின்றது. எஞ்சிய ஒரு பங்கைத் தொட்டியில் வைக்கவேண்டியது குடியானவரின் கடமை. கும்பப்பூ வைக்கோலைப் படப்பு வைக்கும் நாளிலேயே தண்ணீர்த் தொட்டியையும் கழுவி நிரப்பிவைக்கும் வீட்டில் கிடாவும் கன்றும் கல்லடைப்பால் மடிவது அரிதாகும்.